கோபுரம் ஏறாத வக்கீல்

இவானோ ஸ்கார்சியை பொலோன்யாவில் எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு நாளும் கோர்ட்டில் நின்று வாதாடியதில்லை. அவர் ஓட்டியது பதினோராம் எண் நகரப் பேருந்து. ஆனால் டிப்போ காப்பிக் கடைக்குள் அவர் நுழைந்தால் "வக்கீலுக்கு ஒரு காப்பி!" என்று குரல் போகும். பேருந்தில் ஏறும் கிழவிகள்கூட, "வக்கீல் சார், எம் பென்ஷன் கேஸ் தேறுமா?" என்று கேட்பார்கள். சிவப்பு விளக்குக்கு நிற்கிற நேரத்தில் அவரும் பதில் சொல்வார். பெரும்பாலும் சரியான பதிலாகவே இருக்கும்.

பத்தொன்பது வயதில் சட்டம் படிக்கச் சேர்ந்தவர். இரண்டாம் வருடம் அப்பா திடீரென்று போய்விட்டார். அம்மாவையும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தங்கை லொரேனாவையும் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று பேருந்து ஓட்டப் போனார். படிப்பை மட்டும் விடவில்லை. எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு சௌகரியம்: கட்டணம் கட்டிக்கொண்டே இருந்தால் யாரும் வெளியே போ என்று சொல்வதில்லை. வருடத்துக்கு ஒரு பரீட்சை, சில வருடம் அதுவும் இல்லை என்று போய்க்கொண்டிருந்ததில் இவானோவுக்கு நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, சிவில் நடைமுறைச் சட்டம். அதில் மூன்று தடவை பேராசிரியை அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

சமையலறை மேசையில் பாதி புத்தகங்களுக்கு. மீதிப் பாதியில் குடும்பம் சாப்பிட்டது. அந்த வசந்தத்தில் அவரே மனைவி நாதியாவிடம் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் போச்சுன்னா விட்டுடறேன். புத்தகத்தை எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாம்." நாதியா புத்தகங்களை ஒதுக்கிவிட்டுத் தட்டை வைத்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

பொலோன்யாவில் பட்டம் வாங்காத மாணவன் செய்யக் கூடாத காரியங்கள் இரண்டு. அசினெல்லி கோபுரத்தில் ஏறக் கூடாது. பெரிய சதுக்கத்தின் நடுவே குறுக்காக நடக்கக் கூடாது. மீறினால் பட்டம் கிடைக்கவே கிடைக்காது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்றெல்லாம் ஆராயக் கூடாது. சாமியாவது பூதமாவது என்று பேசுகிறவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரின் பிள்ளைகளும் கல்லூரியில் சேர்ந்த மறுநாளிலிருந்து கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இவானோ தொழிற்சங்கத்தில் இருந்தார். மாதாகோவில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். மே தினத்துக்கு ஊரே சதுக்கத்தில் திரளும். இவர் மட்டும் கொடியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நிற்பார். இருபது வருடமும் அப்படித்தான். "என்னய்யா, எப்பவும் ஓரத்துலயே நிக்கிறே? கட்சி மாறப் போறியா?" என்று ஒருமுறை செயலாளர் சந்தேகப்பட்டே கேட்டார். "பட்டம் வரட்டும், தோழரே, நடுவுல வந்து நிக்கிறேன்" என்றார் இவானோ. செயலாளரும் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான். உடனே புரிந்துகொண்டார்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் டெலிபோன் அடித்தது. லொரேனா. கடலோரத்தில், கொமாக்கியோ என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நாளைக்கு என்ன பண்றே?"

"படிக்கிறேன். நாளை மறுநாள் பரீட்சை."

"படிச்சதையே எத்தனை வாட்டி படிப்பே? நாளைக்கு என் வகுப்பை பொலோன்யா கூட்டிட்டு வரேன். கூட வரவேண்டிய டீச்சருக்குக் காய்ச்சல். இன்னொரு பெரியவங்க இல்லாம பஸ்ஸை எடுக்க விடமாட்டேன்னு ஹெட்மாஸ்டர் பிடிவாதமா நிக்கிறார். உன் பேரைச் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? என்னைக் கேக்க வேணாமா?"

"இப்பக் கேக்கறேன்ல. சட்டம் படிச்சவர்னு சொன்னேன், உடனே சம்மதிச்சுட்டார்."

"படிச்சவன் இல்லடி. படிக்கிறவன்."

"அந்த வித்தியாசம் எல்லாம் அவருக்கு எதுக்கு? ஒன்பது மணிக்கு ஸ்டேஷன்கிட்ட நில்லு."

இவானோ நாதியாவைப் பார்த்தார். அவள் தட்டைக் கழுவியபடியே, "போயிட்டு வாங்க. வீட்டுல இருந்தா நகத்தைக் கடிச்சுக்கிட்டு சுவத்தைத்தான் பாப்பீங்க" என்றாள்.

மறுநாள் காலை ஸ்டேஷன் பக்கத்தில் அந்தப் பேருந்து வந்து நின்றபோது கதவு திறப்பதற்கு முன்பே சத்தம் வெளியே வந்துவிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள், இருபது பேருக்கு மேல். கொமாக்கியோ உப்புநீர் ஏரிக்கு நடுவே தட்டையாகக் கிடக்கும் ஊர். அங்கே மேடு என்றால் கால்வாய்ப் பாலம்தான். இங்கே நாலு மாடி வீட்டைக் கண்டதற்கே "அம்மாடியோ!" என்று கூவினார்கள். எல்லோர் பையிலிருந்தும் வினிகரில் ஊறிய விலாங்கு மீன் வாசனை அடித்தது.

"இவர்தான் என் அண்ணன்," என்றாள் லொரேனா. "மாமான்னு கூப்பிடுங்க. சொன்ன பேச்சு கேக்கணும்."

"மாமா, நீங்க நிஜமாவே வக்கீலா?" என்றது முன்னால் நின்ற பெண். மிலேனா என்று பெயர். இரட்டைச் சடை, எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளும் முகம்.

"பஸ் ஓட்டுறவன்மா."

"அதுதான் நல்லது," என்றான் பக்கத்தில் நின்ற தேவிஸ். நிற்கும்போதுகூட ஏதாவது ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும் பையன். "வக்கீலா இருந்தா கேள்விக்கெல்லாம் காசு கேப்பாருன்னு எங்கப்பா சொல்லுவார்."

தூண் வரிசை போட்ட நடைபாதைகள் வழியாகக் கும்பல் நடந்தது. ஒவ்வொரு தூணையும் ஒவ்வொருவரும் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால்தான் அடுத்ததற்குப் போவார்கள் போலிருந்தது. இவானோ முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

பெரிய சதுக்கம் வந்தது. இவானோ வழக்கம்போல இடது பக்கம் திரும்பி, கடைகளை ஒட்டி, சுவரைத் தோளால் உரசாத குறையாக நடந்தார். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அத்தனை பிள்ளைகளும் அவருக்குப் பின்னால் ஒற்றை வரிசையில், அதே போல ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, அதே போலச் சுவரை ஒட்டி வந்துகொண்டிருந்தார்கள். காப்பிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"நீங்க ஏன் இப்படி வர்றீங்க? நேரா நடுவுல போங்க."

"நீங்க ஏன் மாமா போகல?" என்றாள் மிலேனா.

வேறு வழியில்லாமல் இவானோ சொன்னார். சதுக்கத்தைச் சொன்னார், கோபுரத்தைச் சொன்னார், நாளைக்குப் பரீட்சை என்பதையும் சொன்னார். அந்தச் சுவரோரம் முழுக்கச் சிரிப்பு தெறித்தது.

"மாமா, உங்களுக்கு எத்தனை வயசு?"

"இன்னுமா ஸ்கூலு?"

"டீச்சர், உங்க அண்ணன் எங்களோடவே வகுப்புல உக்காரட்டும். தேவிஸ் பக்கத்துல இடம் காலியா இருக்கு!"

லொரேனா அதட்டப் பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் சிரித்து முடித்ததும் நடந்ததுதான் விசேஷம். பிள்ளைகள் ஒருவர்கூட நடுவே போகவில்லை. "மாமா ஓரமாப் போனா நாங்களும் ஓரம்தான்" என்று தேவிஸ் தீர்ப்புச் சொல்ல, அத்தனை பேரும் சதுக்கத்தின் நாலு பக்கத்தையும் சுவரோடு சுவராகச் சுற்றி வந்தார்கள்.

சதுக்கத்தை அடுத்து நீரூற்று. மேலே கையில் சூலத்தோடு கடல் சாமி நிற்கிறார். நாங்கள் ராட்சதன் என்போம். பரீட்சைக்கு முன்னால் அவரை இரண்டு தடவை இடமாகச் சுற்றி வந்தால் நல்லது என்பதும் மாணவர் வழக்கம். இவானோ வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எதற்கோ அதையும் சொல்லிவிட்டார். அடுத்த நொடி பிள்ளைகள் ஓட ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் இடமாக, பாதிப் பேர் வலமாக. நடுவில் மாட்டிய இவானோவை மூன்று பேர் மோதினார்கள். ஒரு பெண்ணின் ரொட்டிப் பொட்டலம் பறந்து தண்ணீரில் விழ, விலாங்குத் துண்டுகள் ராட்சதனின் காலடியில் மிதந்தன.

"வலமாச் சுத்தாதீங்கடா! நல்லதெல்லாம் கழிஞ்சு போயிடும்!"

"டேய், நிறுத்துங்கடா, மாமாவோட மார்க்கு குறையுது!" என்று தேவிஸ் கத்திக்கொண்டே வலமாக ஓடினான்.

அங்கிருந்து நாலடி தள்ளி, பழைய மாளிகைக்கு அடியில் ஒரு வளைவு மண்டபம். அதன் மூலையில் முகம் வைத்து முணுமுணுத்தால் எதிர்மூலையில் நிற்பவருக்குக் காதோடு சொன்னது போலக் கேட்கும். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மூலை பிடித்து ஒருவரை ஒருவர் திட்டித் தீர்த்தார்கள். அவர்கள் ஐஸ்கிரீம் கடைக்கு ஓடிய பிறகு லொரேனா அண்ணனை ஒரு மூலையில் நிற்கச் சொல்லிவிட்டு எதிர்மூலைக்குப் போனாள். சின்ன வயதில் இருவரும் விளையாடிய இடம்தான். இவானோ சுவரில் காதை வைத்தார்.

"அண்ணே." குரல் கல்லுக்குள்ளிருந்து வந்தது. "எனக்கு உயரம்னா பயம். வகுப்புல சொன்னதே இல்லை. ஆல்ப்ஸ் மலை எத்தனை உயரம்னு பாடம் நடத்துறவ, எப்படிச் சொல்றது? இதுங்க கோபுரம் ஏறணும்னு ஒரு மாசமா உயிரை எடுக்குதுங்க. எனக்குப் பதிலா நீ கூட்டிட்டுப் போறியா?"

இவானோ சுவரிலிருந்து காதை எடுத்தார். பிறகு வாயை வைத்தார்.

"லொரேனா, நாளைக்குப் பரீட்சைடி. வேற என்ன வேணாலும் கேளு."

எதிர்மூலையிலிருந்து பதில் வந்தது.

"சரி, விடு. நானே போறேன். நாலு படிதானே."

நாலு படியில்லை. ஐநூறுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கோபுரத்தடியில் பிள்ளைகள் பைகளை எல்லாம் மலைபோல இவானோ மேல் குவித்துவிட்டு உள்ளே பாய்ந்தார்கள். கும்பலுக்கு நடுவே லொரேனா. திரும்பிப் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். இவானோ பைகளுக்கு நடுவே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த குறிப்பை எடுத்துப் படிக்கப் பார்த்தார். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். மேலிருந்து "மாமா!" என்று எறும்பளவு தலைகள் கூவின. இவரும் கையை ஆட்டினார். எண்ணிப் பார்த்ததில் பிள்ளைகளில் பாதிப் பேர்தான் மேலே தெரிந்தார்கள். தங்கையைக் காணோம்.

தேவிஸ் வாசலிலிருந்து வெடித்துக்கொண்டு வெளியே வந்தான். மூச்சு வாங்கியது, ஆனால் முகமெல்லாம் பரவசம்.

"மாமா! டீச்சர் உச்சிக்குக் கொஞ்சம் கீழ படியிலயே உக்காந்துட்டாங்க! கைப்பிடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க! கண்ணைத் திறக்க மாட்டேங்கறாங்க! மேல இருக்கிறவங்க இறங்க முடியல, கீழ இருக்கிறவங்க ஏற முடியல. ஒரு ஜெர்மன்காரர் பாட்டுப் பாட ஆரம்பிச்சுட்டார்!"

டிக்கெட் கொடுப்பவர் தலையை நீட்டினார். "உங்க ஆளா? தீயணைப்பு வண்டியைக் கூப்பிடட்டுமா?"

தீயணைப்பு வண்டி வந்தால் கூடவே பத்திரிகைக்காரன் வருவான். பூகோள டீச்சரைக் கயிறு கட்டி இறக்கிய கதையை கொமாக்கியோவில் பேரன் பேத்தி காலம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்றார் இவானோ.

உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி மேலே போகும் மரப் படிகள். நடுவே வெறும் பள்ளம். திருப்பத்துக்கு ஒருவராகப் பிள்ளைகள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர்கிட்ட சொல்லு, ஆழமா மூச்சு விடச் சொல்லு!"

செய்தி வாய் மாறி வாய் மாறி மேலே போனது. பதிலும் அப்படியே இறங்கி வந்தது.

"மூச்செல்லாம் விட்டுக்கிட்டுத்தான் இருக்காங்களாம்!"

"அப்ப எழுந்திருக்கச் சொல்லு!"

"மாட்டாங்களாம்!"

"நான் மேல வரேன்னு சொல்லு!"

இந்தத் தடவை பதில் வேகமாக வந்தது. கடைசிப் பிள்ளை அதை லொரேனா குரலிலேயே சொன்னது: "'வந்தே, கடிச்சுடுவேன்! நாளைக்கு உனக்குப் பரீட்சை! நான் இங்கயே குடித்தனம் பண்ணிக்கறேன், நீ போய்ப் படி!'"

இவானோவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று தடவை ஃபெயிலானபோதும் முதலில் டெலிபோன் செய்தவள் அவள்தான்.

மிலேனா முதல் திருப்பத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஏறக் கூடாதுன்னா என்ன அர்த்தம்? உச்சி வரைக்கும் போகக் கூடாது, அவ்வளவுதானே? டீச்சர் உச்சிக்குக் கீழதானே இருக்காங்க. அதுவரைக்கும் போனா விதியை மீறினதா ஆகாது."

"பின்பக்கமா நடந்து ஏறுங்க மாமா," என்றான் தேவிஸ். "பார்க்கிறவங்களுக்கு இறங்குற மாதிரிதான் இருக்கும்."

சட்டம் படித்த மனிதர் இரண்டு வாதத்தையும் ஒருகணம் நிஜமாகவே எடைபோட்டார். பின்பக்கமாக ஏழெட்டுப் படி ஏறியும் பார்த்தார். விட்டத்தில் மண்டை இடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். "போங்கடா!" என்று சொல்லிவிட்டு, முன்பக்கமாகத் திரும்பி, இரண்டிரண்டு படியாக ஏறத் தொடங்கினார்.

பள்ளிப் பிள்ளைகளைத் தாண்டி, முணுமுணுக்கும் சுற்றுலாக்காரர்களைத் தாண்டி, பாட்டு நிறுத்தாத ஜெர்மன்காரரைத் தாண்டிப் போனார். தேவிஸ் சொன்னது போலவே தங்கை கைப்பிடிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே காலடிச் சத்தத்தில் கண்டுபிடித்தாள்.

"ஏறிட்டியா? முட்டாளு!"

"உச்சிக்கு ஏறல. இங்க வரைக்கும்தான். சட்டப்படி செல்லாது."

"எந்தச் சட்டம்?"

"மிலேனா சட்டம்."

லொரேனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அவள் பக்கத்தில் இடமில்லாததால் அவர் ஒரு படி கீழே உட்கார்ந்தார். "வா, மெதுவா இறங்கலாம்" என்றார். அவள் ஒரு கண்ணை லேசாகத் திறந்து, நடுப்பள்ளத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டாள். கீழேயோ, திருப்பம் திருப்பமாக ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். மேலே மாட்டிக்கொண்டவர்கள் பொறுமை இழந்து கத்தினார்கள். உச்சியை ஒட்டிய அந்தப் பகுதியில் ஒரு ஆள் அகலப் படி. ஒருவர் விலகினால்தான் இன்னொருவர் போக முடியும். கிட்டத்தில் விலக இடம் இருந்தது ஒரே இடத்தில்தான், உச்சித் தளத்தில்.

இவானோவுக்கு அது புரிந்தது. மிலேனா சட்டம் அந்த இடத்தோடு முடிந்தது. மேலே இன்னும் ஒரு சுற்றுப் படிதான். அதன் முடிவில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. இருபத்து நாலு வருடம் அந்த வெயிலை மிதிக்காமல் இருந்தவர் அவர்.

"எழுந்திரு. மேல போறோம்."

"அண்ணே, வேண்டாம்..."

"என் தோளைப் பிடி. கண்ணைத் திறக்காதே. என் முதுகு மட்டும்தான் உனக்கு உலகம்."

உச்சியில் காலை வைத்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் புறாக்கள் எல்லாம் பறந்தன. "மாமா ஏறிட்டார்! மாமா போச்சு! மாமாவுக்குப் பட்டம் போச்சு!" என்று ஆடினார்கள். கேலிதான், ஆனால் இரண்டு பெண்கள் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவானோ கீழே பார்த்தார். செங்கல் நிறக் கூரைகள் மலைவரைக்கும் பரந்து கிடந்தன. நடுவே ஒரு தீப்பெட்டி ஊர்ந்தது. பதினோராம் எண். யாரோ சக ஊழியன் அவருடைய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான், அதுவும் வளைவில் ரொம்ப வேகமாக.

"டேய், பிரேக்கை மெதுவா மிதிடா!" என்று அந்த உயரத்திலிருந்து கத்தினார். பிறகு அவரே விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணை மூடியிருந்த லொரேனாவுக்கு என்ன ஏது என்று தெரியாவிட்டாலும், அண்ணன் தோள் குலுங்குவதைப் பிடித்துக்கொண்டே அவளும் சிரித்தாள்.

கீழே காத்திருந்தவர்கள் ஏறி வந்தார்கள், மேலே மாட்டியிருந்தவர்கள் இறங்கி முடித்தார்கள். இனி இவள் இறங்க வேண்டும். இவானோவுக்கு யோசனை தோன்றியது படியின் விளிம்பில் நின்றபோதுதான். பேருந்து ஓட்டுவதைத் தவிர வேறு எதையும் அவர் இருபது வருடமாகச் செய்ததில்லை.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. முன்னாடி இருக்கிறவங்க தோளைப் பிடிங்க. நான் டிரைவர். டீச்சர் முதல் சீட்டு. பஸ் கிளம்புது. கதவை மூடு!"

"புஸ்ஸ்ஸ்!" என்று பின்னாலிருந்து கதவு மூடியது.

ஒவ்வொரு திருப்பமும் ஒரு நிறுத்தம். இவானோ தன் தடத்தின் நிறுத்தங்களை வரிசையாக, பேருந்தில் சொல்லும் அதே குரலில் கூவினார். ஆஸ்பத்திரி, சந்தை, பழைய வாசல், மைதானம். லொரேனாவுக்கு இளைப்பாற வேண்டுமென்றால் "டிங்!" என்பாள். வண்டி நிற்கும். "டிக்கெட் இல்லாம யாராவது இருக்கீங்களா?" என்று மிலேனா பரிசோதகராகிவிட்டாள். எதிரே ஏறி வந்த ஒரு கிழவர் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். "இந்த வண்டி ஸ்டேஷன் போகுமா?" என்றும் கேட்டார். "மாத்தி ஏறணும்!" என்று இருபது குரல் பதில் சொன்னது. கடைசித் திருப்பத்தில் லொரேனா தானாகவே கண்ணைத் திறந்திருந்தாள். அதை அவளே கவனிக்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் தரையில் உட்கார்ந்து கல்லைத் தடவிப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் மாறிப்போனது.

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னை மன்னிப்பியா?"

"எனக்குத் தொண்டை போச்சுடி," என்றார் இவானோ. குரல் தகரத்தில் ஆணி கீறுவது போல வந்தது. "அதுதான் இப்பக் கவலை."

மறுநாள் பரீட்சை அறை நிறைய மாணவர்கள். எங்கள் ஊரில் பரீட்சை வாய்மொழியாக, எல்லோர் எதிரிலும்தான். அடுத்து வரப் போகிறவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்று தடவை அவரைத் திருப்பி அனுப்பிய அதே பேராசிரியை, வெள்ளைத் தலைமுடியும் சின்னக் கண்ணாடியுமாக, நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்கார்சி. வாங்க. குரலுக்கு என்ன ஆச்சு?"

ஜலதோஷம் என்று சொல்லியிருக்கலாம். இவானோவுக்கு அது தோன்றவே இல்லை.

"நேத்து கோபுரத்துல கத்தினேன், மேடம்."

"எந்தக் கோபுரம்?"

"அசினெல்லி."

பின்வரிசையில் ஒருவன் எழுந்து போய் ஜன்னல் கம்பியைத் தொட்டான். கெட்டதைக் கேட்டால் இரும்பைத் தொடுவது எங்கள் வழக்கம். முன்வரிசையில் ஒரு பெண் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு நகர்த்தினாள். பேராசிரியையின் கை மேசைக்கு அடியில் போனது. மேசைக்கால் இரும்பு.

"பட்டம் வாங்காமலா?" என்றார் மெல்ல.

"தங்கச்சி நடுவுல மாட்டிக்கிட்டா, மேடம்."

"நான் பட்டம் வாங்கி எத்தனையோ வருஷமாச்சு. இன்னும் அந்தப் பக்கம் போக மனசு வரல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். "சரி, கேளுங்க. இன்னிக்கு நான் உங்களை ஃபெயில் பண்ணினா, கோபுரம் பண்ணுச்சும்பாங்க. பாஸ் பண்ணினா, நான் பாவம் பார்த்தேம்பாங்க. ரெண்டுக்கும் இடம் கொடுக்க மாட்டேன். எல்லாருக்கும் பத்துக் கேள்வின்னா உங்களுக்கு முப்பது. ஆரம்பிக்கலாமா?"

ஆரம்பித்தார். மனு, மேல்முறையீடு, தடையுத்தரவு, சாட்சி விசாரணை என்று கேட்டுக்கொண்டே போனார். முந்தைய மூன்று தடவையும் தெரியாத கேள்வி வந்தவுடன் இவானோ பதறிப்போவார். ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று சுற்றி வளைப்பார். அதிலேயே தெரிந்ததும் கலைந்துபோகும். அன்று எதற்கும் பதறத் தோன்றவில்லை. பொத்திப் பொத்தி வைத்திருந்தது நேற்றே உச்சியில் போய்விட்டது. இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது? தெரிந்ததை அந்தக் கீச்சுக் குரலில் நிதானமாகச் சொன்னார். ஒரு கேள்விக்கு, "தெரியாது, மேடம்" என்றார்.

பேராசிரியை பேனாவை நிறுத்தினார். "இதை முதல் தடவையே சொல்லியிருந்தா நாம ரெண்டு பேரும் எவ்வளவோ நேரத்தை மிச்சம் பண்ணியிருக்கலாம்" என்றார். பிறகு இன்னும் ஐந்து கேள்வி கேட்டார்.

முடித்துப் பக்கத்திலிருந்த இரண்டு ஆசிரியர்களோடு குசுகுசுத்தார். "இருபத்து மூணு. முப்பதுக்கு. சம்மதமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் இவானோ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார்; மார்க்கை ஏற்பதும் மறுப்பதும் எங்கள் ஊரில் மாணவன் இஷ்டம். பின்வரிசையில் யாரோ கைதட்ட, அறை முழுக்கத் தொற்றிக்கொண்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தவனும் தட்டினான், ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுக்காமலே, தொடையில்.

நாதியாவுக்குச் சொல்லிவிட்டு, தெருமுனை டெலிபோனில் மிச்சமிருந்த காசைப் போட்டு கொமாக்கியோ பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டார். எடுத்த ஆயா, "டீச்சர் வகுப்புல இருக்காங்க" என்று சொல்லும்போதே தாழ்வாரத்தில் ஓடி வரும் காலடி கேட்டது.

"எவ்வளவு?" என்றாள் லொரேனா.

"இருபத்து மூணு."

அந்தப் பக்கம் டெலிபோன் எதிலோ மோதும் சத்தம். பிறகு தூரத்தில் "பாஸ்!" என்று ஒரு கத்தல். பிறகு ஒரு வகுப்பு முழுக்க மேசையைக் குத்தும் இடி. ரிஸீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அண்ணே, இருக்கியா? மிலேனா பக்கத்துல நின்னு கையைப் பிச்சு எடுக்கறா. ஒரு சந்தேகமாம். இனிமே அந்த விதி ரத்தா, இல்லையான்னு கேக்கறா."

இவானோ யோசித்தார். காசு தீரப் போகிறதென்று டெலிபோன் கிணுகிணுத்தது.

"விதி இருக்குன்னு சொல்லு," என்றார் கீச்சுக் குரலில். "ஆனா ஒரு விலக்கு உண்டு. தங்கச்சி மாட்டிக்கிட்டா ஏறலாம்."